பத்தரை மணித் திருட்டு

ஜூன் 2, திங்கள்

மகள் புனேயிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். பிரித்தால் உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. மேலே பொடிப்பொடியாகச் சில்லுகள், ஓரத்தில் நாற்பது ஊசிக்கால்கள். இதுதான் முழுக் கம்ப்யூட்டராம். அவள் ஆபீஸில் பழசாகிக் கழித்துப் போட்டதாம். கூட ஒரு சீட்டு: "அம்மா, ரிட்டயர் ஆனதிலிருந்து நீ அப்பாவை ரிப்பேர் பண்ணப் பார்க்கிறாய். அவரை விட்டுவிட்டு இதை வைத்து ஏதாவது செய்."

முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயிரக்கணக்கான வயர்களுக்கு நடுவே குடித்தனம் நடத்தியவள் நான். இந்தத் துக்கடாவைப் பார்த்து எனக்கு என்ன பயம்? இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பிஸ்கட்டாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு மாடித் தோட்டத்துக்குப் போய்விட்டார். மில்லில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு இப்போது கத்தரிச் செடிகள்தான் தொழிலாளிகள்.

என்ன செய்வது என்று உடனே முடிவு செய்துவிட்டேன். எங்கள் அபார்ட்மெண்டில் பத்து வீடு. இரண்டு தண்ணீர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர், அது உப்பு. குடிக்க, சமைக்க நல்ல தண்ணீர். அதற்கு மொட்டை மாடியில் தனி டேங்க். செயலாளர் செங்கோட்டுவேலு தினமும் காலை ஆறு மணிக்கு மோட்டார் போட்டு அதை நிரப்புவார். ஒரு நாளைக்கு அந்த ஒரு டேங்க்தான். ஒரு மாதமாக இரவு எட்டு மணிக்கெல்லாம் சமையலறைக் குழாய் காற்றைத் துப்புகிறது. தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறேன்.

ஜூன் 4, புதன்

இரண்டு நாளாக அது உயிரே பெறவில்லை. திரையின் மூலையில் சின்னதாக ஒரு மின்னல் படம் வரும், பிறகு எல்லாம் இருட்டு. இணையத்தில் இந்தப் போர்டு வைத்திருக்கிறவர்கள் கூடும் ஒரு தமிழ்க் குழு இருக்கிறது. அங்கே கேட்டேன். "ப்ரோ, போன் சார்ஜர் போட்டீங்களா? கரண்ட் பத்தாது ப்ரோ" என்றது ஒரு பையன் படம். நான் ப்ரோ இல்லை, ஐம்பத்தெட்டு வயது என்று எழுத வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காந்திபுரம் போய் நல்ல அடாப்டர் வாங்கி வந்தேன். உயிர் வந்தது.

ஜூன் 5, வியாழன்

பவரைப் பிடுங்கினேன், மெமரி கார்டு செத்தது. மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 7, சனி

சென்சார் என்பது இரண்டு கண் வைத்த ஒரு குட்டி உருப்படி. டேங்க் மூடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நம் காதுக்குக் கேட்காத சத்தத்தைக் கீழே அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துத் தண்ணீர் மட்டத்தைச் சொல்லும். ஐஸ்கிரீம் டப்பாவில் போர்டை வைத்து, டேப் சுற்றி, சென்சாரைத் தொங்கவிட்டு, பெருமையாக மூடியை மூடினேன். உள்ளே தொபுக் என்று ஒரு சத்தம். அது காதுக்கு நன்றாகவே கேட்டது.

சென்சாரை நூல் கட்டிய வடிகட்டியால் துழாவி எடுத்தேன். பத்து வீட்டுக் குடிதண்ணீர். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு ஜெசிந்தா வந்தாள். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ். நாகர்கோவில்காரி. வீட்டுக்காரர் கப்பலில், பெண் அடுத்த தெருப் பள்ளியில் நாலாவது. வாரம் முழுக்க இரவு டூட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை முடிந்து வந்ததும் தூங்கப் போகாமல் மூன்று மாடி ஏறி வந்து இவருக்குச் சர்க்கரை பார்ப்பாள். மெஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் இவர் விரலை அவளைத் தவிர யாரிடமும் நீட்ட மாட்டார். நான் ஊசியை எடுத்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். மில்லில் முந்நூறு பேரை மேய்த்தவர்.

எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டாள் ஜெசிந்தா. கத்தரிக்காய் மட்டும் ஒரு பை கொடுத்தனுப்புவோம். இந்த வருஷம் காய் அபாரம். உப்புத் தண்ணீரில் போன வருஷம் இலையெல்லாம் ஓரம் கருகிப் போயிற்று. இந்த வருஷம் கைப்பிடிக்குள் அடங்காத காய். அரிசி கழுவின தண்ணீர் ஊற்றுவதாக இவர் சொல்கிறார். நாங்கள் இரண்டு பேர் தின்னும் சோற்றுக்கு அவ்வளவு கழுவின தண்ணீர் எப்படி வருகிறதோ! கைராசி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 9, திங்கள்

வைஃபை ரவுட்டரை மாடிப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். அங்கிருந்தால் சிக்னல் டேங்க் வரை போகும். டிவியில் படம் நின்று நின்று வருகிறது என்று இவர் அதைத் திரும்ப ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டார். அரை மணி நேரம் சண்டை. டிவி ஜெயித்தது.

போகட்டும். நெட் இல்லாவிட்டால் என்ன? போர்டு தானாக நிமிஷத்துக்கு ஒரு முறை அளந்து கார்டில் எழுதி வைக்கட்டும். நான் பென் டிரைவைச் செருகினால் எல்லாம் அதில் இறங்கிவிடும்படி எழுதிவிட்டேன். யாருடைய தயவும் தேவையில்லை.

ஜூன் 10, செவ்வாய்

என் ஏற்பாட்டைக் குழுவில் போட்டேன். முப்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருத்தன் மட்டும், "ப்ரோ, நெட் இல்லாம ஓட்டினா கடிகாரத்தைக் கவனிங்க, அதுல பேட்டரி கிடையாது" என்று எழுதியிருந்தான். எனக்கு மணி பார்க்கச் சுவரில் கடிகாரம் இருக்கிறது. எதைச் செய்தாலும் குறை சொல்வதற்கென்றே ஒருத்தன் எல்லாக் குழுவிலும் இருப்பான்.

ஜூன் 11, புதன்

மதியம் முதல் ஒழுங்காக ஓடுகிறது. சென்சாரை இந்தத் தடவை இரண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கினேன். சாயங்காலம் சாரல். இவர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. நானும் நடைக்குப் போகவில்லை. பஜ்ஜி.

ஜூன் 12, வியாழன்

இன்று மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கரண்ட் இல்லை. மறுபடி கார்டு செத்திருக்கும் என்று பயந்துகொண்டே ஐந்து மணிக்கு மாடி ஏறினேன். டப்பாவுக்குள் பச்சை விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. தானாக எழுந்து, தானாக வேலையை ஆரம்பித்திருக்கிறது. இந்த வீட்டில் இப்படி யாரும் கிடையாது.

ஜூன் 15, ஞாயிறு

சாயங்காலம் ஐந்துக்குப் பென் டிரைவில் இறக்கி லேப்டாப்பில் படம் போட்டேன். கோடு என்ன அழகு! வியாழக்கிழமை எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஆனால் கோடு எங்கேயும் அறுபடவே இல்லை, ஒன்பது மணியிலிருந்து அப்படியே தொடர்ந்து போகிறது. கரண்ட் இல்லாமலேயே அளந்ததா என்று கொஞ்சம் திகைத்தேன். நல்ல சாமான் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு குறை. இன்று காலை ஒன்பதோடு கணக்கு நின்றுவிடுகிறது. கடைசிச் சில மணி நேரத்தைக் கார்டில் எழுதாமல் கைக்குள் வைத்துக்கொள்கிறது போல. அரசாங்க வேலையில் நானும் அப்படித்தான் செய்தேன், குற்றம் சொல்ல முடியாது.

இன்னொரு விசித்திரம். இரவு பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை நம் ஜனங்கள் கல்யாணத்துக்குச் சமைப்பதுபோல் தண்ணீர் எடுக்கிறார்கள். பகலில் டயட், ராத்திரியில் பிரியாணி. யாரையும் நம்ப முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

தினமும் காலை பத்தரை மணி. இருபது நிமிஷத்தில் நூற்றைம்பது லிட்டர், ஒரே மூச்சில் இறங்குகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், நான்கு நாளும் அதே நேரம். சமையல் குழாயில் இப்படி எடுக்க முடியாது. யாரோ ஹோஸ் மாட்டியோ டிரம் வைத்தோ நிரப்புகிறார்கள்.

பத்தரைக்கு அபார்ட்மெண்டில் யார் இருக்கிறார்கள்? எட்டு வீடு வேலைக்குப் போய்விடும். நாங்கள் இருக்கிறோம். ஆனால் நாங்கள் எடுக்கவில்லை என்பது எங்களுக்கே தெரியும். மிச்சம் தரைத்தளம்.

அவள் யூனிஃபார்ம் எப்போதும் பளிச்சென்று இருக்கும். இந்த ஊர் உப்புத் தண்ணீரில் வெள்ளைத் துணி மூன்று வாரத்தில் மஞ்சளாகிவிடும். இதை நான் இதற்கு முன் யோசித்ததே இல்லை.

இவரிடம் சொன்னேன். "ஆறரை மணிக்கு ஒண்ணும் காட்டலையா?" என்று கேட்டார். சாயங்காலமா, காலையா என்றேன். பொதுவாகக் கேட்டாராம். ஆறரைக்கு ஒன்றுமே இல்லை, கோடு படுத்துக் கிடக்கிறது என்றேன். முகம் தெளிந்து, "நல்ல மெசினு" என்றார். முதல் தடவையாக அதைப் பிஸ்கட் என்று சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 18, புதன்

செங்கோட்டுவேலுவிடம் படத்தைக் காட்டினேன். பஞ்சு வியாபாரி. எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்புவார். லேப்டாப் திரையையும் தொட்டுப் பார்த்தார். ஒரு நாள் பத்தரைக்கு மாடியில் நின்று நேரிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நேரில் போய்ப் பார்ப்பதென்றால் பிறகு கருவி எதற்கு என்றேன். அதுவும் சரிதான் என்று ஒத்துக்கொண்டு, என்னைச் சங்கத்தின் தொழில்நுட்ப உறுப்பினராகப் போடப்போவதாகச் சொன்னார்.

வேலையை விட்ட பிறகு என்னை யாரும் எதற்கும் உறுப்பினராகப் போட்டதில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு ஜெசிந்தா வழக்கம்போல் வந்து சர்க்கரை பார்த்தாள். நூற்று நாற்பது. காபி கொடுத்தேன். பதினொன்றுக்குக் கூட்டம் இருக்கிறது, வா என்று மட்டும் சொன்னேன்.

கூட்டம் பார்க்கிங்கில். செயலாளர் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுத் தூணில் ஒட்டியிருந்தார். கீழே சிவப்பில் அம்புக்குறி, "10.30". சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, அந்நேரம் நான் தூங்குவேன்லா. யூனிஃபார்மெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே அலக்கித் தாறாவ. எனக்கு என்னத்துக்கு அவ்வளவு தண்ணி?"

நான் தூணில் இருந்த படத்தைப் பார்த்தேன். அது நன்றாகவே பிரிண்ட் ஆகியிருந்தது.

"ஆளு பொய் சொல்லலாமுங், மெசினு பொய் சொல்லாதுங்" என்றார் செங்கோட்டுவேலு. பலர் தலையாட்டினார்கள். இவர் தலையாட்டவும் இல்லை, ஆட்டாமலும் இல்லை. கழுத்து பிடித்துக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் துபாயில். அவருக்கு அங்கேயே போன் போட்டார்கள். ஜூலை பத்துக்குள் காலி பண்ணச் சொல்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

எல்லாம் ஆதாரப்பூர்வமாக நடந்தது. ஆனாலும் மத்தியானம் தூக்கம் வரவில்லை. வெயில்தான் காரணம்.

ஜூன் 24, செவ்வாய்

ஜெசிந்தா வீடு தேடுகிறாள். பெண்ணுக்கு இந்தப் பள்ளியில் இடம் வாங்க விடியற்காலையில் போய் வரிசையில் நின்றவள் அவள். பக்கத்தில் வீடு கிடைக்காவிட்டால் பள்ளியை மாற்ற வேண்டும். அந்தப் பெண் இன்று படியில் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க ரோபோ எங்க அம்மாவைப் புடிச்சிருச்சா?" என்று கேட்டது. ரோபோ இல்லை, வெறும் போர்டு என்று விளக்கினேன்.

தண்ணீர் இன்னும் எட்டு மணிக்கே நிற்கிறது. பத்தரைச் சரிவும் அப்படியே இருக்கிறது. பிடிபட்ட பிறகும் எடுக்கிறாள் என்றால் எவ்வளவு தைரியம்!

ஜூன் 26, வியாழன்

இன்று செங்கோட்டுவேலுவையும் பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். டேங்க் தினமும் எப்போது நிரம்புகிறது என்று படத்தில் பார்த்தேன். இரவு பத்து மணி! காலை ஆறுக்கு மோட்டார் போடுகிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு ராத்திரி பத்துக்குப் போடுகிறார். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"பத்து மணிக்கு நான் கொறட்ட உடறனுங்க்கா. காத்தால ஆறுக்குத்தான் போடறன். நீங்களே ஜன்னல்ல நின்னு பாக்கறீங்கல்ல?"

உண்மைதான். தினமும் பார்க்கிறேன். பால் பாக்கெட் எடுக்கும்போது மோட்டார் சத்தம் கேட்கும்.

படி ஏறும்போது விரல் விட்டு எண்ணினேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை எட்டு மணி நேரம். பென் டிரைவில் எப்போதும் வராமல் போகும் நேரமும் எட்டு. ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் போனது எட்டு.

குழுவில் அந்தக் குறை சொல்லும் பையன் எழுதியதைத் தேடி மறுபடி படித்தேன்.

இன்று இதற்கு மேல் எழுதவில்லை. கண் வலிக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 28, சனி

போர்டுக்குள் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. நெட் இருந்தால் அதிலிருந்து மணியைக் கேட்டுக்கொள்ளும். நெட்டும் இல்லாமல் கரண்டும் போனால், எந்த மணியில் தூங்கியதோ அந்த மணியிலேயே கண் விழிக்கும். வியாழன் ஒன்பதுக்குத் தூங்கி, ஐந்துக்கு எழுந்து, மணி ஒன்பது என்று நினைத்துக்கொண்டு பதினாறு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறது. கோடு அறுபடாததற்கு நான் அதை மெச்சினேன். ராத்திரி பிரியாணி என்று நான் எழுதியது காலை இட்லி.

பத்தரை என்பது சாயங்காலம் ஆறரை.

தினமும் ஆறிலிருந்து ஏழு வரை நான் நடைக்குப் போவேன். இன்றும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கீழே இறங்காமல் மேலே ஏறினேன்.

இவர் நல்ல தண்ணீர் டேங்க் குழாயில் ஹோஸ் மாட்டி, ஒவ்வொரு செடியாகக் குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் டேங்க் பக்கத்திலேயே இருந்தது. அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கத்தரிச் செடியிடம், "குடி சாமி" என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

சத்தம் போடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஜெசிந்தா வரவில்லை. இவர் ஒன்பது மணிக்கு விரலைக் கழுவி வைத்துக்கொண்டு பத்து வரை உட்கார்ந்திருந்தார். "மறந்துட்டா போல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இவரிடம் கேட்டேவிட்டேன். மறைக்கவில்லை. பெரிய ஆச்சரியத்தோடுதான் பேசினார்.

"நான் சாயந்தரந்தான எடுக்கறேன் வசந்தா. உன்ற மெசினு காத்தால பத்தரைன்னு காட்டுச்சு. சரி, நாம கொஞ்சம் எடுக்கறோம், அந்தப் புள்ளையும் கொஞ்சம் எடுக்குது போலன்னு நெனச்சுட்டேன்."

தன் திருட்டு என் மெஷினில் விழவில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறார். விழுந்திருந்தது, அடுத்தவள் பெயரில்.

பிறகு சுருதி இறங்கிப்போய், மெஷின் கெட்டுவிட்டது, பழைய கணக்கெல்லாம் நம்ப முடியாது என்று பொதுவாகச் சொல்லிவிடலாமே என்றார். நாளையிலிருந்து உப்புத் தண்ணீரே ஊற்றுவாராம். செடி போனால் போகட்டுமாம். அவர் அதைச் சொன்னபோது பாவமாக இருந்தது.

நல்ல யோசனைதான். கார்டை உருவி ஒரு வளை வளைத்தால் முடிந்தது. இந்தக் கார்டு சாவதற்கு அலுக்கவே அலுக்காது என்று குழுவில் முப்பது பேர் சாட்சி சொல்வார்கள். நான் முட்டாளும் இல்லை, இவர் திருடரும் இல்லை. ஜெசிந்தா மட்டும் எப்போதும்போல் சந்தேகத்தில் இருப்பாள்.

மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்து கார்டை உருவிக் கையில் எடுத்தேன். நகத்தளவு. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது. திரும்பச் செருகிவிட்டு வந்தேன்.

ஜூலை 2, புதன்

தரைத்தளத்து வாசலில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. பெட்டிகளின் மேல் அந்தப் பெண் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தது. "கிச்சன்." "அம்மா புக்ஸ்." "என்னோடது, தொடாதீங்க."

ஜூலை 3, வியாழன்

சாயங்காலம் அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னேன். என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை. புதுத் திருடன் கிடைத்துவிட்டான் என்று எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெசிந்தா தூணோரம் நின்றாள். டூட்டிக்குப் போகும் உடையில் இருந்தாள்.

போர்டை மேசைமேல் வைத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு தடவை கலெக்டர் முன்னால் பேசியிருக்கிறேன், அன்றைக்கு இவ்வளவு வாய் உலரவில்லை.

"இதுக்குள்ள கடிகாரம் இல்லீங்க. அது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். ஒருத்தர் சொன்னாரு, நாந்தான் காதுல போட்டுக்கல. மெசினு பொய் சொல்லலீங்க. அதுக்கு மணி தெரியல. தெரிஞ்சுக்க வேண்டியவ நானு. பத்தரைன்னு நான் காட்டுனது சாயந்தரம் ஆறரை. ஜெசிந்தா ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கல."

செங்கோட்டுவேலு மேசைமேல் இருந்த போர்டைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ஆறரைக்கு மாடியில யாருங்?"

இதற்குப் பதிலை நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகர்ந்தது. இவர் எழுந்து நின்று, வகுப்பில் பையன்கள் தூக்குவதுபோல் ஒற்றை விரலைத் தூக்கியிருந்தார். சர்க்கரை பார்க்க நீட்டும் அதே விரல்.

"நாந்தானுங். கத்திரிக்காய்க்கு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. கத்தரிக்காய் வாங்கிப் போனவர்கள்தான் சிரித்தவர்களில் பாதிப்பேர். இவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. செயலாளர் அங்கேயே துபாய்க்குப் போன் போட்டு, காலி பண்ண வேண்டாம், எங்கள் தப்பு என்று சொன்னார். தூணில் இருந்த படத்தை நான் கிழித்தேன். பசை நல்ல பசை, பாதிதான் வந்தது.

ஜெசிந்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் தோள்பையைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி மேடம்" என்றாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

நாலு வருஷமாக அக்கா.

ஜூலை 4, வெள்ளி

பேட்டரி வைத்த கடிகாரச் சில்லு ஒன்று வாங்கினேன். பொட்டு அளவு. இதைப் போர்டில் முதலிலேயே மாட்டியிருந்தால் போதும். குழுவில் அந்தப் பையனுக்கு நன்றி எழுதினேன். "பரவால்ல ப்ரோ, எல்லாருக்கும் நடக்கும்" என்றான். எல்லாருக்கும் நடக்காது என்று எனக்குத் தெரியும்.

இவர் உப்புத் தண்ணீர் ஊற்றுகிறார். டேங்க் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றுகிறார்.

ஜூலை 6, ஞாயிறு

ஒன்பது மணிக்கு இவர் விரலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பதரை. பத்து. பத்தேகாலுக்கு, வெறும் வயிற்றில் இனி முடியாது என்று நாலு இட்லி தின்றுவிட்டார். நான் சர்க்கரை மெஷினை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சர்க்கரை ஒரு சாக்குதான். போர்டு இல்லை, படம் இல்லை, ஆதாரம் எதுவும் கையில் இல்லை. அந்தக் கதவைத் தட்டிப் பேசுவதற்கென்று நான் போவது இதுதான் முதல் தடவை.

கையைத் தூக்கியவள் வாசல் மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரை.

உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இந்தச் சத்தத்தை ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த நேரத்துக்கு இங்கே வந்து நான் கேட்டிருக்கலாம். மூன்று மாடி இறங்கினால் போதும். கையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்கு இவர் தேடிக்கொண்டு வந்தார். என்ன என்று கேட்கவில்லை. ஒரு படி மேலே உட்கார்ந்தார். ஒன்றுக்கு அவருக்குத் தயிர்சாதம் கொண்டுவந்து கொடுத்தேன், படியிலேயே சாப்பிட்டார். மாடிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். செங்கோட்டுவேலு மட்டும் நின்று, கரண்ட் இல்லையா என்று விசாரித்தார்.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது. ஜெசிந்தா தலை கலைந்து, கையில் பால் பாத்திரத்தோடு நின்றாள். எங்களைப் பார்த்தாள். என் மடியில் இருந்த மெஷினைப் பார்த்தாள்.

"எப்பலேருந்து இருக்கீங்க?"

"பத்தரையிலிருந்து."

அவள் முதுகுக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. கட்டியவையா, பிரித்தவையா என்று படியிலிருந்து தெரியவில்லை.

"பத்தரைக்கு நான் தூங்குவேன்னு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள்.

அக்கா என்று சொல்லவில்லை. மேடம் என்றும் சொல்லவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவள் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்து என் மடியிலிருந்த மெஷினை எடுத்தாள். இவர் அவசரமாக விரலை நீட்டினார். அதில் தயிர் ஒட்டியிருந்தது.

"கையக் கழுவிட்டு வாங்க" என்று வாசல் குழாயைக் காட்டினாள். "உப்புத் தண்ணி போதும்."